இருநூறு கேபிக்குள் ஏழுமலை

போன மாதம் ஓய்வூதியப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். என் போட்டோவை அது ஏற்க மறுத்துவிட்டது. ஐம்பது கேபிக்கு மேல் இருக்கக் கூடாதாம். என் கணவர் உடனே சட்டையை எடுத்தார். "வடலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டர்ல குடுத்தா சின்னதாக்கிக் குடுப்பாங்க, கிளம்பு" என்றார். அவர் பட்டன் போட்டு முடிப்பதற்குள் நான் பழைய லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ஒரே ஒரு வரி அடித்து, போட்டோவை நாற்பத்தாறு கேபிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன வருஷம் ஆபீஸ்ல உக்காந்து இதத்தான் பண்ணிட்டிருந்தியா?" என்று கேட்டார்.

கேலிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆமாம், பெரும்பாலும் இதைத்தான் செய்தேன். பெரிய ஃபைலைச் சின்னதாக்குவது, நிரம்பி வழியும் ஃபைலைக் காலியாக்குவது, நீளமான ஃபைலைத் துண்டு போடுவது. மவுஸைத் தொடாமல், கட்டளை அடித்தே எல்லாம். எங்கள் செக்‌ஷனில் இப்போது இருக்கிறவர்கள், "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெருமைப்பட ஒன்றிரண்டு இருக்கிறது. நான் எழுத வேண்டும் என்று நினைப்பது பெருமைப்படாத ஒன்றை.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்க ஆபீசுக்கு டைப்பிஸ்ட்டாக வந்தவள் நான். அத்தா ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது, விரல் வேகமாக ஓடுகிறவர்களைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது ஏசியின் குளிரும், செருப்பை வெளியே விடச் சொன்னதும்தான். உண்மையான படிப்பு வேதநாயகம் சாரிடம் கிடைத்தது.

சார் நாகர்கோவில் பக்கம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். டவுன்ஷிப்பில் பாதிப் பேர் வேறு மாவட்டத்துக்காரர்கள், அதனால் எல்லோர் பேச்சும் கலந்து ஒன்றாகிவிடும். சாருடைய பேச்சு மட்டும் கடைசிவரை மாறவில்லை. அவர் யாருடைய கீபோர்டையும் தொடமாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால், கையை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் கட்டளையை அடித்து முடித்ததும், எண்டர் தட்டுவதற்கு முன்னால், "கைய மடியில வைங்கம்மா" என்பார். வைத்ததும், "இப்ப படிங்க" என்பார்.

வாய்விட்டுப் படிக்க வேண்டும். இடமிருந்து வலம், ஒவ்வொரு சொல்லாக, புள்ளி, கோடு, நட்சத்திரக் குறி எதையும் விடாமல். படித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: "எங்க நிக்கியீங்க?" எந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு இந்தக் கட்டளையைக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார். ஒரு நாளைக்கு முப்பது கட்டளை என்றால் முப்பது தடவையும் இதேதான். சார் இல்லாத நேரத்தில் நாங்கள் அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்று நடித்துக் காட்டிச் சிரிப்போம். நான்தான் நன்றாக நடிப்பேன்.

அவர் எதையும் விளக்கினால் மறக்காது. வருகைப்பதிவு மெஷின்கள் வந்த புதிதில் ஒரு நாள் சர்வரில் இடமே இல்லாமல் போய்விட்டது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பற்றி ஒரு புரோகிராம் விடாமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஃபைல் ஒன்று ஊதிப் பெருத்திருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக அந்த ஃபைலை அழித்துவிட்டேன். ஃபைல் போய்விட்டது, இடம் மட்டும் திரும்பவில்லை. டிஸ்க் அப்படியே நிரம்பித்தான் இருந்தது. இரண்டு மணி ஷிப்ட் மாறுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாரைக் கூப்பிட ஆளனுப்பினேன்.

சார் வந்து பார்த்தார். "குவார்ட்டர்ஸ் லிஸ்டுல ஒருத்தர் பேரை அடிச்சிட்டீங்க. ஆனா அவரு குடும்பத்தோட உள்ள குடியிருக்காரு. வீடு காலின்னு சொல்ல முடியுமா?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் அழித்தது பெயரை மட்டும். புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் பிடித்துக்கொண்டு உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தது. அது விட்டால்தான் இடம் வரும்.

"அழிச்சிருக்கக் கூடாது. அளவைப் பூஜ்யமாக்கியிருக்கணும். வீடு அப்படியே இருக்கும், ஆளும் இருப்பான், சாமான் மட்டும் வெளியே போயிரும்."

அதற்கான கட்டளையின் பெயர் ட்ரங்கேட். எத்தனை அளவு வேண்டும் என்று ஒரு எண் கொடுத்தால் ஃபைல் அந்த அளவுக்கு வெட்டுப்படும். பூஜ்யம் கொடுத்தால் காலி. கேள்வி கேட்காது, உறுதிப்படுத்தச் சொல்லாது. அன்றைக்கு ஷிப்ட் வருகை முடியும்வரை காத்திருந்து, புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு இடத்தை மீட்டோம். திட்டு ஒன்றும் விழவில்லை. "கேள்வி கேக்காத ஆயுதங்கிட்ட, கேள்விய நாமதான் கேட்டுக்கிடணும்" என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொண்டவள்தான், பல வருடம் கழித்து, இதைச் செய்தேன்.

ஓய்வு பெற நான்கைந்து வருடம் இருக்கும்போது நடந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரைப் பர்மனென்ட் ஆக்க, மூப்புப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவரும் எப்போது வேலையில் சேர்ந்தார் என்பதற்கு ஆதாரக் காகிதம் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் இருந்தது பழைய கேட் பாஸ். அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு காகிதம் இருநூறு கேபிக்குள், ஆளின் போட்டோ ஐம்பது கேபிக்குள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் செக்‌ஷன் வாசலில் வரிசை. பர்ஸிலிருந்து, மஞ்சள் பையிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்த காகிதங்கள். ஏழுமலை என்பவருடைய பாஸ் நாலாக மடித்து மடித்து இரண்டு துண்டாகவே ஆகியிருந்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் கரியை வாரிப்போடும் வேலை அவருக்கு. துண்டுகளைக் கொடுக்கத் தயங்கியவரிடம் நானே வாங்கி, ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டவைத்து எடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுங்க. இனிமே பயமில்ல" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை எத்தனை தடவை திரும்ப நினைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை காலை சுருக்கும் வேலையைத் தொடங்கினேன். செய்முறை எளிது. மூல ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்க வேண்டும். நகலில்தான் கை வைக்க வேண்டும். போட்டோக்கள் பாதிப் பாதியாக இரண்டு ஃபோல்டரில் இருந்தன. முதலாவதை நகலெடுத்து, அகலத்தை இருநூறு புள்ளியாகக் குறைக்கும் கட்டளையை அடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. அடுத்ததாகக் காகிதங்களின் மூல ஃபோல்டருக்குள் போய், எல்லோருடையதும் இருக்கிறதா என்று எண்ணினேன். அந்த நேரம் மைன்ஸ் ஷிப்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போட்டோக்களின் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பு. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை தானே வந்துவிடும். வந்தது. எண்டர் தட்டினேன்.

சார் மீட்டிங்கில் இருந்தார். கையை மடியில் வைக்கச் சொல்ல ஆளில்லை. நானும் வைக்கவில்லை. எங்கே நிற்கிறேன் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டளை இத்தனை நேரம் ஓடக் கூடாதே என்று தோன்றியபோதுதான் பார்த்தேன். காகிதங்களின் மூல ஃபோல்டரில் நிற்கிறேன். அந்தக் கட்டளை புது ஃபைல் உண்டாக்காது, இருப்பதன் மேலேயே எழுதிவிடும். நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. ஒன்றைத் திறந்தேன். ஒரு முழுக் காகிதம் தபால்தலை அளவில் இருந்தது. பெரிதாக்கினேன். சாம்பல் கட்டங்கள். முத்திரை இருந்த இடத்தில் ஒரு கறை. பெயர் இல்லை, தேதி இல்லை.

அதற்குப் பிறகு நான் மெஷினைத் தொடவில்லை. சார் வரும்வரை இருபது நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார், காகிதம் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

அவர் முதல்முறையாக எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன பேரோடது?"

"எல்லாரோடதும்."

"பேக்கப்?"

"இன்னிக்கி சாயங்காலம் எடுக்கறதா இருந்தேன்."

"திரும்பப் பெருசாக்க முடியாதா சார்?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும். யாராவது முடியும் என்று சொல்ல மாட்டார்களா என்று ஒரு ஆசை.

"பெருசாக்கலாம்மா. எழுத்து வராது."

தண்ணீர் குடித்தார். ஒரு தாளை எடுத்து மேலதிகாரிக்கு எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். 'பிரிவில் நேர்ந்த தவறு' என்று எழுதியிருந்தார். என் பெயரை எழுதச் சொன்னேன்.

"உங்க பேரைப் போட்டா எல்லாரும் உங்களத்தான் தேடுவாவ. இப்பத் தேட வேண்டியது காகிதத்த. பேரை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அது நியாயம்தான்.

புதன் மதியத்திலிருந்து போன், கேட்டில் அறிவிப்பு, ஷிப்ட் சூப்பர்வைசர்களிடம் சொல்லியனுப்புவது. ஸ்கேன் சரியாக விழவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். சிலர் முறைத்தார்கள். ஒருவர், "ஒரு நாள் லீவு போச்சே" என்று சத்தம் போட்டார். மைன்ஸிலிருந்து நேராக, முகத்தில் கரியோடு வந்த ஒருவர், "பரவால்ல விடுங்க மேடம், காகிதம் இங்கதான் இருக்குது" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அவருடைய காகிதத்தை வாங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வியாழன் மதியம் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. ஏழுமலையுடையதைத் தவிர.

அவர் சாயங்காலம் வந்தார். கூடவே அவர் மனைவி செல்வி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் கருகிச் சுருண்ட துணுக்குகள்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி, பயமில்லன்னு? அந்தத் தைரியத்துல வடலூர்ல லேமினேஷன் போடக் குடுத்தேன். இனிமேலாச்சும் கிழியாம இருக்கட்டுமேன்னு. மெஷினுக்குள்ள போயி சுருட்டிகினு நின்னுட்டுச்சி" என்றார் ஏழுமலை. என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை. தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார்.

செல்வி அப்படி இல்லை. "இருவது வருசமா அந்தக் காகிதத்த நான் பொத்திப் பொத்தி வச்சிகினு இருந்தேன். வூட்டுக்குள்ள வெள்ளம் பூந்தப்போ புள்ளைய ஒரு இடுப்புல, இத ஒரு கையில தூக்கிகினு ஓடனவ நான். ஏசி ரூம்ல குந்திகினு ஒரு தட்டுல அழிச்சிட்டீங்களே. பெரிய படிப்பு படிச்சவங்கதான நீங்க?"

"தப்பு என்னோடதுதாங்க" என்றேன். "அத வச்சிகினு நான் என்னா பண்றது?" என்றார்.

சார் குறுக்கே பேசவில்லை. செல்வி முடிக்கும்வரை நின்றுவிட்டு, ஏழுமலையிடம் கேட்டார். "நீங்க சேந்தப்போ ஆஜர் போட்டது யாரு?"

"தேசிங்கு மேஸ்திரிங்க. இப்ப பண்ருட்டியில முந்திரிக் கொட்டாய் ஒண்ணுல இருக்கறாருன்னு கேள்வி."

சார் உடனே, ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசுக்கு நடந்துபோய்க் கேட்டு வந்தார். கான்ட்ராக்டர் முத்திரை போட்ட மஸ்டர் ரோல், அதாவது பழைய ஆஜர் புத்தகம் இருந்தால் பாஸுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை நானும் அவர்கள் இருவரும் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினோம். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்திரி உடைக்கும் கொட்டகைகள் மூன்றில் விசாரித்து, நாலாவதில் தேசிங்கு மேஸ்திரியைக் கண்டுபிடித்தோம். எழுபது தாண்டியவர். முந்திரி காயப்போட்டிருந்த களத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரு?"

"ஏழுமலைங்க. கன்வேயர் கிளீனிங்."

"மூணு ஏழுமலை இருந்தானுங்களே. நீ எவன்?"

"கோயிந்தன் பையன்."

"பாட்டு பாடிகினே மண்வெட்டி புடிப்பியே, அவனா நீ! குந்து, குந்து."

புத்தகங்கள் இருந்தன. கான்ட்ராக்டர் தொழிலை விட்டபோது எடைக்குப் போடச் சொன்னாராம். "என் கையால எழுதினது. மனசு வல்ல" என்றார் மேஸ்திரி. வீட்டுப் பரண்மேல் சிமெண்ட் சாக்கில் கட்டிக் கிடந்தது. இறக்கிப் பிரித்தால் ஓரமெல்லாம் கரையான். தரையில் நாலு பேரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஏழுமலை என்ற பெயர் வந்துகொண்டே இருந்தது. அப்பா பெயர்தான் அடையாளம், அந்தப் பத்தியைத்தான் கரையான் அதிகம் தின்றிருந்தது.

செல்விதான் முதலில் பார்த்தார். "மேடம், இத படிங்க." பஸ் ஏறியதிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஏழுமலை, தகப்பனார் கோவிந்தன். பென்சிலில் எழுதியது. கீழே ஊதா முத்திரை முழுசாக இருந்தது. நான் மாதத்தைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். பாஸில் இருந்ததாக ஏழுமலை சொன்ன தேதிக்கு எட்டு மாதம் முன்னால்.

"பாஸு அப்பறந்தான குடுத்தாங்க" என்றார் மேஸ்திரி சாதாரணமாக. "மொதல்ல எட்டு மாசம் பாஸே கெடையாது. என் புத்தகந்தான் பாஸு."

எட்டு மாதம் என்றால் பட்டியலில் பல பேருக்கு மேலே போய்விடுவார். ஏழுமலை புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது, அதைக் கண்டு எனக்கே வெட்கமாக இருந்தது. செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டார் போல.

"அதுக்காக நீங்க பண்ணது சரின்னு ஆயிடாதுங்க மேடம்."

"ஆகாதுங்க" என்றேன்.

புத்தகத்தோடு மேஸ்திரியும் கிளம்பினார். "என் புத்தகம், நான் இல்லாம எங்கயும் போவாது" என்றார். நெய்வேலி வந்து சேர்ந்தபோது மணி மூன்று. சார் ஸ்கேனரைத் துடைத்து வைத்திருந்தார்.

அந்தப் பக்கம் சாதாரணத் தாளைவிடப் பெரியது, எழுத்து மங்கல். ஸ்கேன் ஆறு எம்பிக்கு மேல் வந்தது. அதை இருநூறு கேபிக்குள் கொண்டுவர வேண்டும், பென்சில் எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். முதலில் நகல் எடுத்தேன். ஒன்றல்ல, மூன்று. சார் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நாளில் நான் தட்டிய கட்டளைகள் எத்தனையோ. ஆனாலும் அடித்ததை இரண்டு தடவை அழித்துத் திரும்ப அடித்தேன்.

"கைய மடியில வைங்கம்மா."

வைத்தேன். படித்தேன். எங்கே நிற்கிறேன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

வெற்று ஓரங்களை வெட்டினேன். நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பலாக்கினால் பாதி குறையும், ஆனால் முத்திரையின் ஊதா போய்விடும். "முத்திரை நிறம் இருக்கட்டும்" என்றார் சார். அதனால் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முந்நூற்றுப் பத்து கேபி. இருநூற்று நாற்பது. தரத்தை ஐந்து ஐந்தாக இறக்கினேன். இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு தடவையும் திறந்து, கோவிந்தன் என்பதைப் படிக்க முடிகிறதா என்று செல்வியிடமே கேட்டேன். "படிக்கலாம்." இருநூற்று மூன்று. "படிக்கலாம்." நூற்றுத் தொண்ணூற்றாறு. செல்வி திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"கோயிந்தன்" என்றார். "நல்லாத் தெரியுது."

நாலு இருபதுக்கு ஏற்றினோம். பச்சை அடையாளம் வந்தது. மேஸ்திரி புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "எங்க, டீ குடுப்பீங்களா இல்லியா?" என்றார்.

பட்டியல் வர மாதக்கணக்கானது. ஒரு மதியம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நான் கூட்டம் கலையும்வரை காத்திருந்து போய்ப் பார்த்தேன். ஏழுமலையின் பெயர் மேலே, நான் எதிர்பார்த்ததைவிட மேலே இருந்தது. சாரிடம் சொன்னபோது அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார். அன்று காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

ஏழுமலைக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, பால் காய்ச்சுவதற்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சார் அப்போது ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார், நான் மட்டும் போனேன். கால் வைக்கவே தயக்கமாக இருந்தது. புது வெள்ளையடித்த சின்ன ஹால் முழுக்க அவர்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள். செல்வி அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவங்கதான் நம்ம காகிதத்த அழிச்ச மேடம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செல்வி உள்ளே போய், பொங்கி இறக்கிய பாலில் முதல் டம்ளரை முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"சூடா இருக்குது, பாத்துக் குடிங்க" என்றார்.